இலக்கியா பி.காம்.

பூவிழிக்குச் சென்னையில் இடம் கிடைத்துவிட்ட சேதி உப்பளத்துக்கு வந்து சேர்ந்தபோது வாரல் பாதியில் இருந்தது. மரக்காணம் பக்கத்து அளங்களில் ஜூலை மாதம் வாரல் பாதியில் இருந்தால் எந்தச் சேதிக்கும் யாரும் நிமிர மாட்டார்கள். விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, தண்ணீருக்கு அடியில் விளைந்து கிடக்கும் உப்பைப் பலகையால் இழுத்து வரப்போரம் குவித்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாத்தி கண்ணைப் பறித்துவிடும். அதனால் பச்சமுத்து பலகையை நிறுத்தாமலேயே, எந்தக் காலேஜ் என்று கேட்டார். வரப்பில் நின்றிருந்த மருமகன் சித்தார்த்தன், காலேஜ் இல்லை மாமா, யுனிவர்சிட்டி, கவர்மெண்டுடையது என்றான். பச்சமுத்து இன்னும் நாலு இழுப்பு இழுத்தார்.

"அப்ப பெருசுதான்" என்றார்.

சித்தார்த்தன் அந்த அளத்தில் மோட்டார் பார்ப்பவன். உவர்த்தண்ணீரை எந்தப் பாத்திக்கு எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்பது அவன் பொறுப்பு. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். படிப்புக்கேற்ற வேலைக்கு ஆறு வருஷம் விண்ணப்பம் போட்டான், பிறகு போடுவதை நிறுத்திவிட்டான். வயது இருபத்தொன்பது. பச்சமுத்துவின் மூத்த மகள் இலக்கியாவைக் கட்டி மூன்றரை வருஷம் குடித்தனம் செய்தான். போன செப்டம்பரில் அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது ஒரு கார் அடித்துவிட்டது. கையில் அவனுக்கான சோற்றுத் தூக்கு இருந்தது. அதைப் பற்றி அதற்குமேல் அவன் யாரிடமும் பேசியதில்லை. மாமியார் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, அவளோடு குடியிருந்த அதே வாடகை வீட்டில்தான் இப்போதும் படுக்கை. சாப்பாடு மட்டும் மாமியார் வீட்டில். குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் மருமகனுக்குத் தெரிவதில்லை என்று மாமியார் அமராவதி தண்ணிக் குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூவிழி இரண்டாவது பெண். பிளஸ் டூ முடித்தவள். போனில் ஊரை மேலேயிருந்து பார்க்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு வேலை கிடையாது. யாருடைய அளம் எதுவரைக்கும், கழிமுகம் போன வருஷத்தைவிட எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது, எந்த ஓடையை யார் தூர்த்து வளைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லுவாள். அதையே படிப்பாகப் படிக்கலாம் என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டுத் தரச்சொல்லிச் சித்தார்த்தனைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து அவன்தான் போட்டுக் கொடுத்தான்.

அன்று சாயந்திரமே பச்சமுத்துவின் அண்ணன் ராஜாங்கம் விசாரிக்க வந்துவிட்டார். ராஜாங்கம் இரண்டு ஏக்கர் அளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். அதனால் தம்பி குடும்பத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைப்பவர். செயற்கைக்கோளில் படம் எடுத்து நிலத்தை அளக்கிற படிப்பு என்று சித்தார்த்தன் விளக்கியதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"சர்வேயர் ஆவறதுக்கா நாலு வருஷம்? நம்ம பிர்க்கா சர்வேயரு சங்கிலிய இழுத்துக்கினு நாலே நாள்ல கத்துக்கினாரு."

அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்த வருஷம் புதுக் கட்டடம் ஒன்றைத் திறந்து, அந்தப் படிப்பில் முப்பதாக இருந்த இடங்களை அறுபதாக்கியிருந்தார்கள். பூவிழி வந்திருப்பது இரண்டாவது முப்பதில். இதைச் சித்தார்த்தன் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டான். ராஜாங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். சீட்டைக் கூட்டியதால் கிடைத்தது, கூட்டாவிட்டால் ஏது என்றார்.

பூவிழி உள்ளேயிருந்து டீயோடு வந்தாள். "பஸ்ஸுல எக்ஸ்ட்ரா சீட்டு போட்டா அதுல குந்தறவன் டிக்கெட் எடுக்காமலா வர்றான், பெரியப்பா?" என்று கேட்டுவிட்டு டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

பச்சமுத்து சிரித்தார். காலில் உப்புத் தின்ற புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் அவர். மகளின் வாயை நினைத்து அவருக்குப் பயமும் உண்டு, பெருமையும் உண்டு.

இடம் கிடைத்ததில் ஒரு நிபந்தனை இருந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் படிப்புக் கட்டணம் முழுவதையும் விட்டுவிடும். அதற்கான சான்றிதழை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் முழுக் கட்டணம். அந்த வீட்டுக்கு முழுக் கட்டணம் என்பதும் இடம் இல்லை என்பதும் ஒன்றுதான். இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றார்கள். முறை வந்து குடும்ப அட்டை எண்ணைப் போட்டதும், கணினிக்குப் பின்னாலிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, பெயர் இலக்கியா, ஆறு வருஷம் ஆகிறது என்றாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு முறைதான்.

சித்தார்த்தன் அந்தப் பெயரைத் திரையில் பார்த்தான். அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் அளவுப் படம். படத்தில் அவளுக்குப் பதினேழு வயது. அவன் அவளை அறியாத காலத்து முகம்.

"அவங்க டிகிரி முடிச்சாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பூவிழி அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று அவன் சொன்னான். முடிக்கவில்லையென்றால் வழியிருக்கிறது என்றாள் அந்தப் பெண். படிப்பைப் பாதியில் விட்டதற்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும். வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அம்மா அப்பா உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழையதை ரத்து செய்து புதிதாகக் கொடுப்பார்கள்.

மறுநாள் பகல் வி.ஏ.ஓ. வந்தார். தமிழ்நிலா என்று பெயர், சின்ன வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. அமராவதி நெத்திலி அலசிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். சித்தார்த்தன் அளத்திலிருந்து ஓடி வந்திருந்தான். வி.ஏ.ஓ.வின் வண்டி நின்றதைப் பார்த்து நாலைந்து பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

வி.ஏ.ஓ. உட்கார்ந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்தார். சுவரில் இலக்கியா மாலை போட்டுக்கொண்டிருந்தாள். கீழே, அச்சடித்த சிவப்பு எழுத்தில், 'இலக்கியா பி.காம்.'

அந்தப் பி.காம். கல்யாணப் பத்திரிகையிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்தில் பத்திரிகை அடித்தாலும் டிஜிட்டல் பேனர் கட்டினாலும் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவார்கள். படித்துக்கொண்டிருந்தாலும் போடுவார்கள், அரியர் இருந்தாலும் போடுவார்கள். மாப்பிள்ளை பி.எஸ்சி. என்று இருக்கும்போது பெண் பக்கம் மொட்டையாக இருக்கக் கூடாது என்று அமராவதி பி.காம். போடச் சொன்னாள். எப்படியும் முடித்துவிடுவாள்தானே என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். பத்து மாதத்துக்கு முன்னால் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போனவர்கள் கல்யாண பேனர் கொடுத்த அதே கடைக்குத்தான் போனார்கள். கடைக்காரர் பழைய கோப்பிலிருந்து படத்தையும் பெயரையும் எடுத்தார். பி.காம். கூடவே வந்துவிட்டது. மூன்று நாள் சாலையோரம் கட்டியிருந்த பேனரைப் பார்த்துத்தான், இலக்கியா பட்டம் வாங்கியவள் என்பது பக்கத்து ஊர்களுக்கும் தெரிந்தது. சுவரில் இருந்தது அதன் சின்னப் பிரதி.

"உங்க மூத்த பொண்ணு டிகிரி முடிச்சவங்களாம்மா?" என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

அமராவதி வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"ஆமா. பி.காம்."

பூவிழி, எம்மா என்றாள். வி.ஏ.ஓ. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இதில்தான் உங்கள் சின்னப் பெண்ணின் கட்டணமே இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சித்தார்த்தன் வாயைத் திறந்தான். அமராவதி அவன் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சொல்லேன் பார்க்கலாம் என்பதுபோல் இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"எம்பொண்ணு படிச்சவதான்" என்றாள் அமராவதி. "எழுதிக்குங்க."

வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். வண்டியை எடுக்கும்போது சித்தார்த்தனைத் தனியாகக் கூப்பிட்டு, நான் எழுதியதை மாற்ற வேண்டுமானால் அந்த அம்மாவே அலுவலகத்துக்கு வந்து சொல்ல வேண்டும், கல்லூரிக் கடிதமும் கையில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மூன்று மணிவரை பார்ப்பேன் என்றார்.

உள்ளே பூவிழி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "செத்தவளுக்கு டிகிரி வேணும், உயிரோட கீறவளுக்கு வேணாம். அப்டித்தானம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். அமராவதி நெத்திலித் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது என்று பச்சமுத்து சொன்னார்.

ராஜாங்கத்துக்கு விஷயம் எட்ட அரை மணிகூட ஆகவில்லை. இந்த முறை வெற்றிலையோடு வந்தார். சீட்டு போனால் போகட்டும், அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தார். மூத்தவள் போன வீட்டில் இளையவளைக் கொடுப்பது புதிதா என்ன, அவர்கள் வகையறாவிலேயே மூன்று வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். வருஷ திதி கழிந்ததும் ஆவணி கடைசியில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது. பேசுகிறபோது அவர் பூவிழியைப் பார்க்கவில்லை, சித்தார்த்தனையும் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தே பேசினார்.

"பொண்ணும் வெளிய போவாது, மாப்ளயும் வெளிய போவமாட்டாரு. இன்னாடா சொல்ற?"

பச்சமுத்து எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். அமராவதி அடுப்பங்கரையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பூவிழி எழுந்து வெளியே போய்விட்டாள். சித்தார்த்தன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான்.

"வேணாம்" என்றான்.

"இன்னா வேணாம்?"

"கல்யாணம் வேணாம். ஆவணி வேணாம். நீங்க பேசறது எதுவும் வேணாம், பெரிய மாமா."

தன்னைப் பற்றி அவ்வளவு நீளமாக அவன் பேசி அந்த வீட்டில் பத்து மாதம் ஆகியிருந்தது. ராஜாங்கம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பொண்டாட்டி செத்த வீட்டில் சோறு தின்கிறவன் பேசுகிற பேச்சா இது என்று, அவன் தெருவில் இறங்கிய பிறகு சொன்னார். அவனுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு இலக்கியா படித்த கல்லூரிக்குப் போனான். பஸ்ஸில் ஒரு மணி நேரம். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. அலுவலகத்தில் வயதான கிளார்க் ஒருவர் பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். மூன்று பருவம் படித்திருக்கிறாள். பதினைந்து தாளும் முதல் முறையிலேயே தேர்ச்சி. நாலாவது பருவத்துக்கு வரவில்லை. நின்ற காரணம் என்ற கட்டத்தில், 'திருமணம்'. மாற்றுச் சான்றிதழை யாரும் வந்து வாங்கவில்லை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் இங்கேயேதான் இருக்கிறது.

கிளார்க் கடிதத்தை அடித்து முத்திரை வைத்துக்கொண்டே பேசினார்.

"இந்தப் பொண்ண எனக்கு ஞாபகம் இருக்குது சார். ரெண்டு வாட்டி வந்துச்சி, திரும்ப சேந்துக்கலாமான்னு. தாராளமா சேரலாம்மா, ஒரு லெட்டர் எழுதிக் குடுன்னேன். வூட்ல கேட்டுட்டு வர்றேன்னு போச்சி. ரெண்டு வாட்டியும் அதேதான் சொல்லிச்சி."

பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் சித்தார்த்தன் கையெழுத்துப் போட்டான். உறவுமுறை என்று இருந்த இடத்தில் கணவன் என்று எழுதினான்.

அவள் கேட்டாள். இரண்டு முறையும் கேட்டாள். முதல் முறை, அவன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருந்தது. அடுத்த ஜூன் பார்க்கலாம் என்றான். இரண்டாவது முறை எந்தக் காரணமும் இல்லை. அளத்தில் வேலை தலைக்கு மேல் இருந்தது, அவன் மோட்டார் கொட்டகையிலிருந்து களைத்து வந்திருந்தான், அடுத்த ஜூன் பார்க்கலாம் என்றான். அவள் சரி என்றாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்கு இப்போது நினைத்துப் பார்க்க ஒரு சண்டையாவது இருந்திருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போது கடிதத்தை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. காலையில் வாரிய உப்பு வரப்பெல்லாம் சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தது. மழை விழுந்தால் அத்தனையும் கரைந்து பாத்திக்கே திரும்பிவிடும். மறுபடி விளைய ஒரு வாரம் ஆகும். மேஸ்திரி கத்தினார். பெண்கள் கூடை கூடையாகத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். உப்புச் சுமையோடு வரப்பில் ஓடுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். கால் விரல்களை வரப்பில் ஊன்றி, முழங்காலை மடக்காமல், தலையை மட்டும் ஆட்டாமல் போக வேண்டும். அமராவதி ஐம்பது வயதிலும் அதில் முதல் ஆள். சித்தார்த்தன் மோட்டாரை அணைத்துவிட்டுக் கூடை நிரப்பித் தூக்கிவிட வந்து நின்றான். மற்ற பெண்கள் மேட்டில் இருந்தபோது அமராவதி மட்டும் கூடையோடு அவன் முன்னால் வந்தாள்.

"அத்தை, நாளைக்கு மூணு மணி வரைக்கும்தான் டைம்" என்றான்.

"தெரியும்."

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்."

"இன்னான்னு சொல்லணும்?"

"அவ முடிக்கலன்னு."

அமராவதி சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். கழுத்தெல்லாம் உப்புத் தண்ணீர் வழிந்து காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"முடிக்கலன்னா நம்ம தெருவுல இன்னா அர்த்தம் தெரியுமா? ஃபெயிலுன்னு அர்த்தம். எம்பொண்ணு ஒண்ணாங்கிளாஸ்லேந்து ஒரு பாடத்துல ஃபெயிலானதில்ல. இப்ப நான் போயி கையெழுத்து போட்டா, அது மக்கு, முடிக்க முடியாம ஓடியாந்துடுச்சின்னுதான் பேசுவாங்க. சின்னவ மேல ஏறணும்னு பெரியவ தலையில கால வெக்கச் சொல்றீங்களா? அவ எழுந்து வந்து இல்லன்னு சொல்லுவாளா?"

தூரத்தில் இடி இடித்தது. அவன் கூடையில் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான்.

"நிறுத்துனது நான்தான், அத்தை."

"எனக்குத் தெரியும். ரெண்டு வாட்டியும் எங்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் அழுதா. எனக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது, மாப்ள? ஊருக்குத் தெரியுமா?" சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். "தூக்கி வுடுங்க. மழ வருது."

தூக்கிவிட்டான். அவள் போனாள். மழை வந்தது. ஆனால் மரக்காணத்துக்கு வடக்கே போய்விட்டது. அளத்தில் நாலு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். மேட்டில் ஓலை போட்டு மூடிய உப்பு தப்பித்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குச் சித்தார்த்தன் பூவிழியைக் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனான். அன்று முதியோர் உதவித்தொகை விசாரணையும் இருந்ததால் வராந்தா முழுக்க ஆட்கள். ராஜாங்கமும் வந்திருந்தார். அவருக்குப் பட்டா வேலை என்றார்கள். பச்சமுத்து காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு அளத்துக்குப் போயிருந்தார். அமராவதியிடம் யாரும் பேசவில்லை. அவளும் காலையில் வழக்கம்போல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டரை ஆனது. பூவிழி போனில் மணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"வரலன்னா நானே உள்ள போயி சண்ட போடுவேன், மாமா" என்றாள். "இந்த சீட்ட நான் வுட மாட்டேன். இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் எழுதுவேன். அதுக்கு அடுத்த வருஷமும் எழுதுவேன். ஆனா ஆவணியில கழுத்த நீட்ட மாட்டேன். உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"சரி" என்றான்.

இரண்டே முக்காலுக்கு அமராவதி வந்தாள். அளத்திலிருந்து நேரே வந்திருந்தாள். கால் கழுவவில்லை. வராந்தாவின் சிவப்புத் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் வெள்ளைத் தடம் விழுந்தது. யாரையும் பார்க்காமல் உள்ளே போய் மேசை முன்னால் நின்றாள். வி.ஏ.ஓ. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

உறுதிமொழிப் படிவம் அச்சடித்தது. மேற்படி இலக்கியா என்பவர் பட்டப்படிப்பை முடிக்கவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். வி.ஏ.ஓ. அதைப் படித்துக் காட்டிப் பேனாவை நீட்டினார். அமராவதி வாங்கவில்லை.

"இப்டி வேணாம். எம்பொண்ணு நல்லா படிச்சிது. படிக்க வுடல. அப்டி எழுதுங்க."

படிவத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லையே அம்மா என்றார் வி.ஏ.ஓ. முடிக்கவில்லை என்பதுதான் தேவை, ஏன் என்பதை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காவிட்டால் நான் சொல்வேன் என்றாள் அமராவதி. மணி இரண்டு ஐம்பது. பூவிழி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா என்று அவள் இந்த முறை கூப்பிடவில்லை.

சித்தார்த்தன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். "கீழ எடம் இருக்குது மேடம்" என்றான்.

வி.ஏ.ஓ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினான். அவன் கையெழுத்து சின்னது, நேரானது. நாலு வரி எழுதிப் பெயர், தேதி போட்டுக் கையெழுத்து வைத்தான். வி.ஏ.ஓ. அதை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். இது தேவையே இல்லை சார், கோப்பில் நிரந்தரமாக இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றான். அவர் படிவத்தை அமராவதிக்குப் படித்துக் காட்டினார். அமராவதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, தன் பெயரைப் போட்டாள்.

அதன்பின் எல்லாம் கணினியில் நடந்தது. வி.ஏ.ஓ. தாலுகா அலுவலகத்துக்குப் போன் போட்டு அவசரம் என்று சொன்னார். உறுதிமொழியின் அசலைக் கோப்பில் வைத்துக்கொண்டு நகல் ஒன்றைப் பூவிழியிடம் கொடுத்தார். வராந்தாவில் காத்திருந்தார்கள். மூன்றரை, நாலு, நாலே கால். நாலு இருபதுக்குப் பூவிழியின் போனில் குறுஞ்செய்தி வந்தது. சான்றிதழைத் தரவிறக்கி, பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து, வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டே ஏற்றினாள். ஒரு முறை சுற்றிக்கொண்டே நின்றது. மறுபடி ஏற்றினாள். பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது.

"ஏறிடுச்சி" என்றாள். திரையை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள். "திங்கக்கிழம வரச் சொல்லி போட்டிருக்குது."

உதவித்தொகைக்கு வந்த பெண்கள் விசாரித்தார்கள். ஒருத்தி பூவிழியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ராஜாங்கம் கூட்டத்தின் ஓரத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நல்லதுதான். ஆனா பெரிய பொண்ணு முடிக்கலன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா? பேனர்லலாம் போட்டிருந்தீங்களே. அப்ப அது ஃபெயிலா?"

அமராவதி கீழே வைத்திருந்த கூடையை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தாள். பூவிழியின் கையிலிருந்த நகலை வாங்கிச் சித்தார்த்தனிடம் நீட்டினாள்.

"படிங்க மாப்ள."

அவன் காகிதத்தைப் பார்த்தான். அவன் எழுதியதுதான். ஆனாலும் பார்க்காமல் சொல்ல அவனுக்கு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தான்.

"என் மனைவி இலக்கியா மூன்று பருவத்திலும் எல்லாப் பாடங்களிலும் முதல் முறையிலேயே தேர்ச்சி பெற்றவர். படிப்பைத் தொடர விரும்பி இரண்டு முறை என்னிடம் கேட்டார். இரண்டு முறையும் தடுத்தவன் நான். அவர் படிப்பை முடிக்காததற்கு நானே காரணம். இப்படிக்கு, சி. சித்தார்த்தன், கணவன்."

"இன்னாத்துக்கு மாப்ள இதெல்லாம்? மானம் போவுது" என்றார் ராஜாங்கம்.

"போவட்டும்" என்றான்.

அமராவதி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வராந்தாவில் இருந்தவர்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாக ராஜாங்கத்தின் முகத்தில் வந்து நின்றாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

ராஜாங்கம் தரையைப் பார்த்தார். அவள் இன்னொரு முறை கேட்டாள்.